சாட்சி சொன்ன மரமும் சான்றிதழ் பெற்ற மரமும்

ஒரு வட்டாரத்தின் காட்டுத் தாவரங்களைப் பதிவு செய்ய முனையும் எந்த நூலும் ஒவ்வொரு செடியைப் பற்றியும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். இது எங்கே வளர்கிறது? இது இந்த மண்ணுக்கே உரியதா, வெளியிலிருந்து வந்ததா? முதல் கேள்விக்கு விடை வாழிடம். அதைக் கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றும். இரண்டாவதற்கு விடை இயல், அயல் என்ற பாகுபாடு. அதைப் பழைய ஆவணங்களைப் புரட்டினால் கண்டுகொள்ளலாம் என்று தோன்றும். வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது இந்த இரண்டு நம்பிக்கைகளுமே ஆட்டம் காண்கின்றன.

சீமைக்கருவேலத்துக்கு வந்த ஆண்டு உண்டு, விதை அனுப்பிய தீவு உண்டு, கேட்டு எழுதிய அதிகாரியின் பெயர் உண்டு. வன்னிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அயல் மரத்தின் கையில் சான்றிதழ் இருக்கிறது. நாட்டு மரமோ வெறுங்கையோடு நிற்கிறது. இயல் தாவரம் என்று ஒன்றை எந்த அடிப்படையில் சொல்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. இவ்விரு மரங்களையும் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றை வணங்குகிறோம், மற்றொன்றை வேரோடு பிடுங்கச் சொல்கிறோம். ஆனால் தாவரவியல் இவ்விரண்டையும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு ஒரே பேரினத்தில் வைத்திருந்தது.

முள்ளும் காயும்

இரண்டு மரங்களிலிருந்தும் ஒரு சாண் நீளத்துக்குக் கிளை நறுக்கிக்கொள்வோம். இரண்டின் இலையும் இருமுறை பிரிந்த கூட்டிலை. இரண்டின் பூவும் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் நெருங்கிய கதிர். இலையையும் பூவையும் மட்டும் பார்த்தால் புதியவர் தடுமாறுவார். முள்ளைப் பார்த்தால் தடுமாற்றம் தீரும். வன்னியின் முள் குட்டையானது; அடி அகன்று கூம்பி, கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். சீமைக்கருவேலத்தின் முள் நீளமானது. இலை பிறக்கும் கணுவிலேயே, பெரும்பாலும் இணையாக நிற்கும். வன்னியின் முள்ளுக்கு இடம் ஒரு பொருட்டில்லை. மற்றதன் முள் இடம் தவறுவதில்லை.

காயிலும் இப்படித்தான். வன்னியின் காய் மெலிந்து உருண்டு கிளையிலிருந்து தொங்கும். சீமைக்கருவேலத்தின் காய் தட்டையாய், முற்றும்போது மஞ்சள் நிறம் கொண்டு, நுனியில் சற்றே வளைந்திருக்கும். வடிவில் வேறுபட்டாலும் தொழிலில் இரண்டும் ஒன்றே. இரண்டின் சதையிலும் இனிப்பு உண்டு, இரண்டையும் ஆடுமாடுகள் விரும்பித் தின்னும், இரண்டின் விதையும் சாணத்தோடும் புழுக்கையோடும் புது இடம் போய்ச் சேரும். ஒன்று பாலைநிலங்களின் பழைய வாசி, மற்றொன்று கடல் கடந்து வந்தது. ஆனால் பரவும் உத்தி இருவருக்கும் பொது.

வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. வன்னியின் காயைத் தின்ற ஆடு வன்னித் தழையையும் விடாது. முளைத்த கன்று தலையெடுக்குமுன் அதே ஆட்டின் வாய்க்குப் போய்விடும். சீமைக்கருவேலத்தின் காயைத் தின்ற ஆடு அதன் தழையைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஆகவே விதைத்த வாயே கன்றுக்குக் காவலாகவும் ஆகிவிடுகிறது. மேய்ச்சல் மிகுந்த ஒரு தரிசில் ஒன்று பெருகுவதற்கும் மற்றொன்று அருகுவதற்கும் இந்த ஒரு வேறுபாடே பெரும் பங்கு வகிக்கிறது.

ஒரு வீட்டில் பிறந்து பிரிந்தவை

சீமைக்கருவேலத்தின் பெயர் கருவேலத்தைச் சுட்டினாலும், தாவரவியலில் அதற்கு நெருங்கிய உறவாகக் கருதப்பட்டது வன்னிதான். 1767இல் லின்னேயஸ் புரோசோபிஸ் என்ற பேரினத்தை வன்னியை வைத்தே நிறுவினார். 1788இல் ஓலோஃப் சுவார்ட்ஸ் ஜமைக்காவில் கண்ட ஒரு மரத்துக்கு மிமோசா ஜூலிஃப்ளோரா என்று பெயரிட்டார். 1825இல் டி கண்டோல் அதை எடுத்து லின்னேயஸின் பேரினத்துக்குள் வைத்தார். நம் ஊர் வன்னி அமைத்துக் கொடுத்த வீட்டில், அது நேரில் கண்டிராத ஒரு மரம் குடியேறியது ஏட்டில்தான் முதலில் நடந்தது. நிலத்தில் நடக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

அந்தக் கூட்டுக்குடும்பம் 2022இல் கலைந்தது. மரபணு ஆதாரங்களைக் கொண்டு ஹியூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் புரோசோபிஸைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். சீமைக்கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆனது. அது புதிதாகப் புனைந்த பெயரன்று. 1838இலேயே ரஃபினெஸ்க் சூட்டி, பரவலாகக் கையாளப்படாமல் கிடந்த பெயர். வன்னியோ தன் நெருங்கிய ஆசிய உறவுகள் இரண்டோடு புரோசோபிஸிலேயே தங்கிவிட்டது. கருவேலம் அகேசியா என்ற பழம்பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுத்து வாச்செல்லியா ஆனதை நினைத்துப் பார்த்தால், வன்னிக்குக் கிடைத்த வாய்ப்பு அரிது என்பது விளங்கும். பெயர் மாறினாலும் பழைய தாள்களில் எழுதியது மாறாது. இனி ஒரு பழைய பதிவில் புரோசோபிஸ் என்று மட்டும் கண்டால், எந்த மரம் என்று அறிய வாழிடக் குறிப்பையும் முள்ளையும் பார்த்தே தீர வேண்டும்.

இரண்டையும் அறிந்த ஒருவர்

இவ்விரு மரங்களின் வரலாறும் ஒரே மனிதரிடம் வந்து சந்திப்பது இந்த ஒப்பீட்டின் பெரிய வியப்பு. ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் சென்னை மாகாண வனத்துறைக்கு இருபது ஆண்டுக்கு மேல் தலைமை ஏற்றிருந்தவர். தென்னிந்தியாவின் பெரணிகளையும் மரங்களையும் படத்தோடு பதிவு செய்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். 1869 முதல் 1874 வரை வெளிவந்த அவருடைய ஃப்ளோரா சில்வாட்டிகா, தென்னிந்திய மரங்களைப் பற்றிய அடிப்படை நூல். வன்னியும் அதில் இடம்பெற்றிருக்கிறது.

அதே பெட்டோம்தான் 1876இல், விறகுத் தோப்புகளுக்கு ஏற்றது என்று கருதி, ஜூலிஃப்ளோராவின் விதையைக் கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877இல் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். நாட்டு மரங்களை நுணுகி அறிந்த கை, அந்த நூல் முடிந்த இரண்டாம் ஆண்டில் அயல் மரத்துக்கு வழி திறந்தது. இதை முரண் என்று கடந்து போவது எளிது. காலத்தின் தேவையை எண்ணிப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. ரயிலும் ஊர்களும் விறகை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. வறண்ட மாவட்டங்களின் இயல் மரங்கள் எவ்வளவு மெதுவாக வளர்பவை என்பதை அவற்றைப் பதிவு செய்தவரே மற்றவரைவிட நன்றாக அறிந்திருப்பார். வன்னியைப் பற்றிய அறிவும் சீமைக்கருவேலத்தின் வரவும் ஒரே மேசையிலிருந்து புறப்பட்டவை.

கடப்பையும் தற்செயலாக அமைந்த இடம்போலத் தோன்றினாலும் பொருள் பொதிந்தது. ராஜஸ்தானத்துப் பாலையிலிருந்து தக்காணம் வழியாகத் தெற்கே இறங்கும் வறண்ட நிலத் தொடரில் அது ஒரு கண்ணி. வன்னியின் பரப்பும் அதே தொடரில்தான் தமிழகத்தை எட்டுகிறது. அயல் மரம் முதன்முதலாகக் கால் ஊன்றியது தன் ஒன்றுவிட்ட உறவின் நாட்டில்.

எழுத்துச் சாட்சியமும் அதன் எல்லையும்

ஒரு தாவரம் இயல் வகை என்று எதைக் கொண்டு கருதுவது? அயர்லாந்துத் தாவரவியலாளர் டி.ஏ. வெப் 1985இல் இதற்கு எட்டு அளவுகோல்களை முன்வைத்தார். புதைபடிவம், வரலாற்றுச் சான்று, வாழிடம், புவிப்பரப்பு, பிற இடங்களில் எளிதில் வேரூன்றும் இயல்பு, மரபணுப் பன்மை, இனப்பெருக்க முறை, வந்திருக்கக்கூடிய வழி ஆகியவை அவை. இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை தனித்துத் தீர்ப்பளிப்பதில்லை. பல சேர்ந்து ஒரு பக்கம் சாய்வதையே பார்க்க வேண்டும். நம் இரு மரங்களையும் இவற்றில் சிலவற்றின் முன் நிறுத்துவோம்.

வரலாற்றுச் சான்றில் வன்னிக்குக் குறைவில்லை. பதிற்றுப்பத்து, மன்னர்களைத் தாழியில் இட்டுப் புதைத்த ஈமக்காட்டில் வன்னி நிற்பதைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி எடுத்துச் சொல்லும் பத்தினிப் பெண்களில் ஒருத்திக்கு வன்னி மரமும் மடைப்பள்ளியும் சாட்சியாய் வருகின்றன. பிற்காலத் திருவிளையாடல் அந்தக் கதையை வன்னி, கிணறு, இலிங்கம் என்று மூன்று சாட்சிகளாக விரித்து, திருப்புறம்பியத்தோடும் மதுரையோடும் இணைத்தது. சாட்சி சொல்லும் மரமாகவே தமிழ் மரபு வன்னியை நினைவில் வைத்திருக்கிறது. கொலம்பஸுக்கு முந்திய தமிழ் நூல் ஒன்றில் ஒரு தாவரம் வருகிறதென்றால், அது அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையிலேயே வன்னி ஒரு பக்கமும் சீமைக்கருவேலம் மறுபக்கமும் பிரிந்து நின்றுவிடுகின்றன.

ஆனால் இந்தச் சாட்சியத்தின் எல்லையையும் சேர்த்தே எடை போட வேண்டும். இலக்கியம் வன்னி இங்கே இருந்தது என்று சொல்கிறது. தானாக முளைத்து நின்றதா, யாரேனும் நட்டார்களா என்று சொல்வதில்லை. அது காட்டும் மரங்கள் பெரும்பாலும் மனிதக் கைபட்ட இடங்களில் நிற்கின்றன: ஈமக்காடு, மன்றம், கோயில். விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் தலமரம் வன்னியே. நவராத்திரி முடிவில் சுவாமி அம்பு எய்வதற்கு வன்னி வேண்டியிருப்பதால் கோயிலுக்குக் கோயில் நடுவதும் உண்டு. திருப்புறம்பியமோ காவிரி வண்டல் பாயும் நெல்வயல் நாடு. வறண்ட நிலத்து மரம் அங்கே நிற்கிறதென்றால் பக்தி கொண்டுபோய் வைத்தது என்று எண்ணவே இடம் அதிகம். வணங்கப்படுவதால் மரம் பிழைத்தது. வணங்கப்படுவதாலேயே அதன் இயல் எல்லை மங்கியது.

சீமைக்கருவேலத்தின் எழுத்துச் சாட்சியத்துக்கும் இதற்கு நேர்மாறான ஒரு குறை உண்டு. வந்த நாள் தெரியும். பரவிய நாள் தெரியாது. கடப்பையில் நட்ட மரம் ராமநாதபுரம் கண்மாய்களுக்குள் எப்போது, எந்தெந்த வழியாக இறங்கியது என்பதற்கு ஊர் ஊராகப் பதிவு இல்லை. விறகுக்காக அரசாங்கமே விதை தூவிய காலம் ஒன்று இருந்தது என்று தென்மாவட்ட முதியவர்கள் சொல்வார்கள். வேலிக்கு நட்டதும், மாடு பரப்பியதும், வெள்ளம் அடித்து வந்ததும் அந்தப் பேச்சில் கலந்து வரும். ஒன்றின் தொடக்கம் இருளில் இருக்கிறது, இருப்பு வெளிச்சத்தில் இருக்கிறது. மற்றதன் தொடக்கம் வெளிச்சத்தில் இருக்கிறது, நடுக்கதை இருளில் இருக்கிறது.

வாழிடம் சொல்லும் கதை

ஆகவே வெப்பின் அளவுகோல்களில் எழுத்தைவிட நிலத்துக்கு இங்கே கனம் கூடுகிறது. வன்னி எந்த மண்ணில் தானாக முளைத்து நிற்கிறது? கரிசல், உவர் கலந்த வண்டல், மணற்பாங்கான தரிசு, வறண்ட புதர்க்காடு. ஆழத்துக்கு இறங்கும் வேர், கோடை உச்சியிலும் விடாமல் வரும் தளிர், வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று ஆகியவை அந்த நிலத்துக்கே பழகிய ஒரு மரத்தின் குணங்கள். நெற்றியில் திருநீறு பூசி நிற்கும் கோயில் மரத்தைவிட, யாரும் தண்ணீர் ஊற்றாத கரிசல் வரப்பில், சுற்றிலும் நாலைந்து வேர்க்கன்றுகளோடு நிற்கும் ஒரு வன்னி மண்ணுரிமைக்கு வலுவான சான்று.

சீமைக்கருவேலத்தின் வாழிடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்தால் திகைப்பு வருகிறது. கரிசல், உவர்நிலம், மணல், தரிசு என்று அதே பட்டியல் அங்கேயும் இருக்கிறது. அதோடு இன்னும் பல சேர்கின்றன: கண்மாய் உள்வாய், ஆற்றுப் படுகை, சாலையோரம், உப்பளக் கரை, கைவிட்ட வயல். வன்னியின் வாழிடம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டு, மனிதர் கலைத்துப்போட்ட இடங்களையும் சேர்த்துக்கொண்டது. வாழிடத்தைப் பொத்தாம்பொதுவாக, வறண்ட நிலம் என்று ஒரே வார்த்தையில் எழுதினால் இயல் மரமும் அயல் மரமும் வேறுபாடின்றித் தெரியும். மண் கலைந்ததா கலையாததா, நீர் எப்போது தேங்கும், பக்கத்தில் என்ன வளர்கிறது என்று நுணுக்கமாக எழுதும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

இந்த நுணுக்கம் பழைய பதிவுகளில் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். ராபர்ட் வைட் தென்னிந்தியாவில் திரட்டிய தாவரங்களின் உலர்தாளைக் கியூ தோட்டம் 1866–67இல் உலகெங்கும் பகிர்ந்தளித்தது. அவற்றோடு போன அச்சிட்ட சீட்டில் இடம் என்று கண்டது கிழக்கிந்தியத் தீபகற்பம் என்ற லத்தீன் தொடர்தான். கன்னியாகுமரிக் கடற்கரையில் பறித்த செடிக்கும் பெல்லாரிக் கரிசலில் பறித்த செடிக்கும் ஒரே முகவரி. செடியின் வடிவத்தை அறிய அந்தத் தாள்கள் இன்றும் விலைமதிப்பற்றவை. செடியின் நிலத்தை அறிய அவை அதிகம் உதவுவதில்லை.

பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையை உணர்ந்தார்கள். கேம்பிள் 1915இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகு ஃபிஷர் 1936இல் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவரநூல், மாவட்டத்தையும் உயரத்தையும் சொன்னது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ரபினட் ஹெர்பேரியத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மத்தேயு, 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரநூலுக்காகக் களத்திலேயே அலைந்து புதிதாகத் திரட்டினார். கொடைக்கானலில் வெளியிலிருந்து வந்து வளரும் தாவரங்களைத் தனி நூலாக 1969இலேயே பதிவு செய்தவரும் அவரே. இயல் தாவரங்களைத் திரட்டுபவர் அயல் தாவரங்களையும் அதே கவனத்தோடு திரட்ட வேண்டும் என்ற பாடம் அந்த உழைப்பில் இருக்கிறது. அயலை விட்டுவிட்டு எழுதிய பட்டியலில் இயல் என்ற சொல்லுக்கு எல்லை வகுக்க முடியாது.

பூச்சியும் பறவையும் எழுதும் குறிப்பு

எழுதாத ஆவணங்களும் உண்டு. வன்னியின் பூங்கதிரையும் சிற்றிலையையும் கூர்ந்து பார்த்தால் சில கிளைகளில் பூவும் இலையும் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சிறு முடிச்சுகள் தென்படும். அவை காயல்ல, நுண்ணிய ஈயினமும் சிலந்திப்பேனும் உள்ளே வளர்வதற்காக மரத்தைத் தூண்டி உண்டாக்கிய கட்டிகள். வன்னியை நம்பியே வாழும் இத்தகைய சிற்றுயிர்கள் ஒரு மரத்தோடு ஒத்துப்போக நெடுங்காலம் பிடிக்கும். அந்த முடிச்சைக் கத்தியால் பிளந்து பார்ப்பவர் மண்ணுரிமைக்கான ஒரு சான்றையே பிளந்து பார்க்கிறார். நம் சீமைக்கருவேலத்தில் இப்படி ஒரு நெருங்கிய சுற்றம் இல்லை. தாய்நாட்டுப் பூச்சிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது அதன் வேகமான பெருக்கத்துக்கு ஒரு காரணம்.

என்றாலும் சுற்றமே இல்லை என்று எழுதிவிடுவதும் பிழை. ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேலத்தோடு சீமைக்கருவேலத்திலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. கோடியக்கரையில் வெளிமான்கள் அதன் காயைத் தின்கின்றன. தின்று அதைப் பரப்பவும் செய்கின்றன. இயல் உயிர்கள் அயல் மரத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. பயன்படுத்துவது வேறு, அதையே நம்பி உருவாவது வேறு. முன்னது ஒரு நூற்றாண்டில் நிகழும், பின்னதற்கு அதைவிட மிக நீண்ட காலம் வேண்டும். ஒரு நல்ல பதிவு இரண்டையும் தனித்தனியே எழுதும். ஏனெனில் அகற்றுவதா, எங்கிருந்து, எந்த மாதத்தில் என்ற முடிவெல்லாம் அந்த வேறுபாட்டைச் சார்ந்தே இருக்கிறது.

கரியில் ஒரு சந்திப்பு

இரண்டு மரங்களையும் இணைக்கும் இன்னொரு இழை நெருப்பு. வன்னி யாகத்தீக்கு உரிய சமித்து. சீமைக்கருவேலம் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்துக்கு உயிர்நாடி. வெட்டிய கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அளந்து விட்டு நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரியை நம்பி அங்கே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஒன்றின் கட்டை வேள்விக்குப் போகிறது, மற்றதன் கட்டை அடுப்புக்குப் போகிறது. இரண்டையும் நாடுவதற்குக் காரணம் ஒன்றே: கனத்த கட்டை, நின்று எரியும் தணல்.

தொல்தாவரவியலாளருக்கு இந்தக் கரி ஒரு காலக் குறியீடு. ஹரப்பா பண்பாட்டுத் தொல்களங்களில் கிடைத்த மரக்கரியில் புரோசோபிஸ் அடையாளம் காணப்பட்டுள்ளது; அந்தக் காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தில் அமெரிக்க உறவுக்கு இடமில்லை என்பதால் அது வன்னியின் வழியிலேயே தேட வேண்டியது. நாளை ராமநாதபுரத்தில் ஒரு குழி தோண்டுபவருக்கு நெல்டுமா கரி கிடைத்தால், அந்த மண்ணடுக்கு 1877க்குப் பிற்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். வன்னியின் கரி ஒரு மரத்தின் பழமையைக் காட்டும்; சீமைக்கருவேலத்தின் கரி ஒரு அடுக்கின் புதுமையைக் காட்டும். ஐரோப்பியத் தாவரநூல்கள் 1500 என்ற ஆண்டையொட்டிப் பழைய வரவு, புதிய வரவு என்று கோடு கிழிப்பதற்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை.

இருவருக்கும் ஒரே ஐயம்

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு கேள்வியை இருவரிடமும் சமமாகக் கேட்பது நியாயம். வன்னி வறண்ட தமிழகத்துக்கு இயல் வகை என்பதில் நிலம், பரப்பு, பூச்சி, இலக்கியம் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆயினும் எந்த வட்டத்தில் இயல், எந்த ஊரில் நட்டது என்று கேட்டால் மரத்துக்கு மரம் விடை மாறும். ஒரு மாநிலத்துக்கு இயல் என்பதால் அந்த மாநிலத்தின் ஒவ்வொரு கெஜ நிலத்துக்கும் இயல் என்று ஆகிவிடாது. நீலகிரிப் புல்வெளியில் நடும் வன்னியும், சதுப்பில் நடும் வன்னியும் அங்கே அயல் மரங்களே.

சீமைக்கருவேலத்திடம் இதே கேள்வியைக் கேட்டால் வரும் விடை இன்னும் வியப்பானது. அது மெக்சிகோ முதல் வெனிசுவேலா வரையான நிலப்பகுதிக்கு இயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுவார்ட்ஸ் அதைக் கண்டெடுத்த ஜமைக்கா உள்ளிட்ட கரீபியத் தீவுகளில் அது தானாகவே இருந்ததா, பழங்காலத்தில் அத்தீவுகளில் குடியேறிய மனிதர்களோடு போய்ச் சேர்ந்ததா என்று தாவரவியலாளர்கள் ஐயப்படுகிறார்கள். நமக்கு விதை அனுப்பிய தீவிலேயே அந்த மரத்தின் மண்ணுரிமை முடிவாகவில்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே அது நின்றதால் கடிதமும் தேதியும் இல்லை. ஆகவே அங்கே அதன் நிலை, இங்கே வன்னியின் நிலை. சான்றிதழ் பெற்ற மரம் தன் வீட்டுப் பக்கத்திலேயே வெறுங்கையோடு நிற்கிறது. இவ்விரு மரங்களுக்கும் இடையே நான் காணும் ஆழ்ந்த உறவு இதுதான். 2022இன் மரபணு ஆய்வால் கலைக்க முடியாத உறவும் இது.

எழுதும் கைக்குச் சில சொற்கள்

சீமைக்கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணைகள் பிறப்பித்ததும், 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாட்டு மரம் நடுவோம் என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலோடு நானும் இருக்கிறேன். ஆனால் எந்த நாட்டு மரம், எந்த மண்ணுக்கு என்பதற்கு விடை வாழிடப் பதிவில் மட்டுமே உண்டு. கண்மாய்க்குள் கருவேலம் நின்ற இடம் எது, கரையில் மருது நின்ற இடம் எது, மேட்டுக் கரிசலில் வன்னி நின்ற இடம் எது என்று எழுதி வைக்காவிட்டால், நல்லெண்ணத்தோடு நடும் மரமும் இடம் மாறி நிற்கும்.

எனவே ஒரு மரத்தைக் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொருவரும், அது பூசிக்கும் மரமாக இருந்தாலும் பிடுங்கும் மரமாக இருந்தாலும், நான்கு செய்திகளைச் சேர்த்து எழுத வேண்டும்: மண் எது, நட்டதா தானே முளைத்ததா, கன்றுகள் உண்டா, அருகில் வேறென்ன வளர்கிறது. அயல் மரத்துக்கு இந்தக் குறிப்பு இல்லாமல் போனாலும் ஒரு பழைய அரசாங்கக் கடிதம் அதன் கதையைச் சொல்லிவிடும். இயல் மரத்துக்கு அந்தக் கடிதம் என்றுமே கிடையாது. கவனக்குறைவான ஒரு பதிவால் அதிகம் இழப்பது வன்னிதான். கரிசல் வரப்பில் இன்னும் தானாக முளைத்து நிற்கும் வன்னிகளை, வரப்போடும் மண்ணோடும் சேர்த்து இப்போதே எழுதிவைப்பது இந்தத் தலைமுறை செய்ய வேண்டிய வேலை.